எண்ணெய் குடித்த காகிதங்கள்

உய்சோங்
1998 மே 17

அன்புள்ள அண்ணன் இன்மோவுக்கு,

தங்கை தான்பி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், வயலில் நிற்கும் பூண்டு எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் துப்பாக்கியும் நலமா? சிப்பாயே, இதைப் படித்தால் சிரிப்பாய். முகாமில் சிரிக்கத் தடை என்றால் தலையணைக்குள் சிரி.

செய்தி பெரியது. நம் அம்மாவின் படங்களைச் சியோலில் மாட்டப்போகிறார்கள்! இன்சாடோங் தெருவில் ஒரு காட்சிக்கூடம், ஏழு பெண் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சி. அழைப்பிதழில் 'ஓக் யேசுன்' என்று ஒரு பெயர். யாரது என்று ஒரு நிமிஷம் விழித்தேன். இந்த வீட்டில் அவள் 'இன்மோ அம்மா'. நானும் பதினாறு வருஷமாக இங்கேதான் குப்பை கொட்டுகிறேன், ஒருத்தராவது 'தான்பி அம்மா' என்று கூப்பிட்டதுண்டா?

எந்தப் படம் என்கிறாயா? அந்த எண்ணெய்க் காகிதங்கள்தான். திதிக்குத் திதி மீனும் பூசணியும் முட்டையில் புரட்டி ஜொன் சுட்டு, எண்ணெய் வடிய மூங்கில் தட்டில் காகிதம் விரிப்பாளே. ஊரில் எல்லோரும் அதை அடுப்பில் போடுவார்கள், நம் வீட்டில் அது பீரோவுக்குப் போகும். கறை காய்ந்ததும் அதன் ஓரமாகக் கறுப்பு நூலால் தைப்பாள். நீ கூட, "எறும்புக்கு மேப் போட்டுக் குடுக்கறியாம்மா?" என்று கேட்டு அடி வாங்கினாய். அந்த மேப்தான் சியோல் போகிறது. அவளோடு ஓவியக் கல்லூரியில் படித்த சோங்னான் வந்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இத்தனை வருஷமா இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று அம்மாவின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

திறப்பு விழா செப்டம்பர் 9, புதன் மாலை. அப்பா பேப்பரை இறக்காமலே, "போயிட்டு வா, அதுக்கென்ன" என்றார். அந்த நாலு சொல்லை அம்மா என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

நீ அங்கே சுட்டுப் பழகு. அம்மா இங்கே சுட்டே பெயர் வாங்கிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் வராவிட்டால் உன் பழைய காதல் கவிதைகளைப் பூண்டு மூட்டையில் ஒட்டி ஏலத்துக்கு அனுப்புவேன்.

உன் வாலுத் தங்கை,
தான்பி


சொர்வோன் முகாம்
ஜூன் 7

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க விரும்புகிறேன். அப்பாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

கண்காட்சி விஷயம் எனக்குத் தெரியும். ஏப்ரலில் அம்மா என்னைப் பார்க்க வந்தபோதே சொன்னாள். அப்பா இல்லாமல் தனியாக அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள். முகாம் வாசலில் கோழிப் பொட்டலத்தோடு நின்றாள். வழக்கம்போல எதிர் விடுதியில் அறை எடுத்துச் சாப்பிட்டோம். நிறையப் பேசினாள். கோழி நன்றாக இருந்தது.

சோறு ஆக்கக் கற்றுக்கொண்டாயா? இல்லையென்றால் கற்றுக்கொள். அப்பாவிடம் வாயாடாதே.

அன்புடன்,
அண்ணன் இன்மோ


உய்சோங்
ஜூன் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய அவா என்று எழுதத்தான் ஆசை. பூண்டு அறுவடை முடிந்தது, என் விரல் பத்தும் நாறுகிறது. அதைவிட நாறிப்போன கதை ஒன்று இருக்கிறது.

தாத்தாவின் திதி சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்தில் வருமில்லையா. எப்போதும் போல ஆகஸ்டில் முடிந்துவிடும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். இந்த வருஷம் அதிக மாதம், அண்ணா. ஐந்தாம் மாதம் இரண்டு தடவை வருகிறது. பின்னால் வருவதெல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போகிறது. கூட்டுறவுச் சங்கக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்த சித்திதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, மாமனார் திதி செப்டம்பர் ஒன்பதுல விழுது. அன்னிக்குத்தானே நீங்க சியோல் போறேன்னீங்க?"

அப்பா பேப்பரை இறக்கினார்.

"மூத்த மருமக இல்லாம திதியா? ஊர்ல நான் தலை காட்ட வேண்டாமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "தாத்தாவுக்கு ஜொன்னுக்குப் பதிலா அழைப்பிதழ் வச்சிடலாம்பா. பாவம், அவரும் எத்தனை வருஷம்தான் அதையே சாப்பிடுவாரு?" என்றேன். அப்பா வீசிய குச்சி என் காதுக்குப் பக்கத்தில் பறந்து போயிற்று.

அம்மா, "ஆமா, அதிக மாசத்தை மறந்தே போயிட்டேன்" என்றாள். "நான் போகல. படம் தானா தொங்கும், அதுக்கு நான் எதுக்கு?" சொல்லிவிட்டுப் பூண்டைப் பின்ன ஆரம்பித்தாள். பின்னிய கட்டை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

அண்ணா, நீ மூத்த பேரன். நீ இரண்டு வரி எழுதினால் இந்த வீட்டில் அது சட்டம். நான் எழுதினால் அது கிறுக்கல். ஒரு நாள் கேள், ஒரே ஒரு நாள். அம்மா போகட்டும், ஜொன்னை நானும் சித்தியும் சுடுகிறோம் என்று அப்பாவுக்கு எழுது. உடனே எழுது.

உன்னை நம்பியிருக்கும்,
தான்பி


உய்சோங்
ஜூலை 26

அன்புள்ள, ஆனால் பதில் போடாத அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ உயிரோடு இருக்கிறாயா? அப்பாவுக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆவலோடு உறையைப் பார்த்தேன். உள்ளே சாக்ஸ் கேட்டிருந்தாய். ரொம்ப நன்றி.

ஆகவே நானே களத்தில் இறங்கினேன். சித்தி வேஷம் பூண்டு (பூண்டு ஊர்க்காரி வேறென்ன பூணுவேன்?) குலச் சங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டால் அச்சு அசல் சித்தி.

"வணக்கங்கய்யா. குலத்து மூத்த வீட்டு இளைய மருமக பேசறேன். எங்கக்காவோட படத்தைச் சியோல்ல, இன்சாடோங்ல மாட்டறாங்க. பத்திரிகைக்காரங்க எல்லாம் வர்றாங்களாம். சங்கத்துக்குச் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதுன்னு..."

அந்தப் பக்கம் பெரியவருக்குக் குரலே மாறிப்போயிற்று. "நம்ம மூத்த வீட்டு மருமகளா? சியோல்லயா? சங்கம் சார்பா மூணடுக்குப் பூ அலங்காரம் அனுப்பிடுவோம்மா! ரிப்பன்ல சங்கத்துப் பேரு பெரிசா வரும்!"

அரை மணி நேரத்தில் அவர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா எழுந்து நின்று போனுக்குக் குனிந்து வணங்கினார். "ஆமாங்கய்யா... உங்க ஆசீர்வாதம்... அனுப்பாம இருப்பேனுங்களா?" வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க சித்தி எப்ப சங்கத்துக்குப் போன் பண்ணா?"

"தெரியலப்பா. சித்தி ரொம்ப நல்ல மாதிரி."

உத்தரவு கிடைத்துவிட்டது! அம்மா முதல் நாளே எல்லாம் நறுக்கி மாவு கரைத்து வைத்துவிடவேண்டும், விடியற்காலை பஸ்ஸில் போய் மறுநாள் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடவேண்டும்.

அம்மா குதிப்பாள் என்று நினைத்தேன். குழாயைத் திறந்துவிட்டு ஒரே கிண்ணத்தை வெகு நேரம் கழுவினாள். அப்புறம் ஈரக்கையோடு என் கன்னத்தைப் பிடித்து, "நீ ஏண்டி இப்படிப் பண்ணின?" என்றாள். அது திட்டா, நன்றியா என்று எனக்கு விளங்கவில்லை.

சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். ஒற்றைக்கால் சாக்ஸ் மட்டும். இன்னொரு கால் பதில் வந்ததும்.

தான்பி


சொர்வோன் முகாம்
ஆகஸ்ட் 16

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். இங்கே பெருவெள்ளம். எங்கள் பிரிவு முழுவதும் மண் அள்ளப் போயிருந்தோம். அதனால்தான் தாமதம்.

அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. என்னைக் கோழை என்று நினைத்துக்கொள்.

ஒரே ஒரு நாள் என்று எழுதியிருந்தாய்.

நீ எப்போதும் இவ்வளவு சாமர்த்தியமாக இருக்கவேண்டியதில்லை, தான்பி. சில காரியங்கள் நடக்காமல் போனாலும் பரவாயில்லை. இந்த நாட்களில் அம்மாவோடு அதிகமாக இரு. அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்.

அண்ணன்


உய்சோங்
ஆகஸ்ட் 30

அன்புள்ள தத்துவ ஞானி அண்ணனுக்கு,

நாங்கள் நலம். வெள்ளத்தில் உன் மூளையும் ஈரமாகிவிட்டதா? அம்மாவோடு இரு என்கிறாய். அவள்தான் என்னை விடுவதே இல்லை. ஒரு நாள் இல்லாமல் இருக்கப்போவதற்கு இவ்வளவு பயிற்சி! உங்கள் ராணுவமே தோற்றது.

கணப்பை எப்படிப் பற்றவைப்பது, கிம்ச்சி ஊறுகாய் ஜாடியில் எந்தக் கல்லை வைப்பது, அப்பாவின் மாத்திரையில் எது காலை, எது மாலை. "வெள்ளை காலையில, மஞ்சள் ராத்திரி. சொல்லு பாக்கலாம்." "வெள்ளை எனக்கு, மஞ்சள் பூனைக்கு." சிரிக்கவில்லை அண்ணா. திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைத்தாள்.

நேற்று சந்தையில் எனக்கு உள்ளாடை வாங்கினாள். இப்போதைய அளவில் சில, அடுத்த அளவில் சில, அதற்கும் அடுத்த அளவில் சில. "நான் என்ன பூசணியா, வருஷா வருஷம் வீங்க?" என்றேன். கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா ஒவ்வொன்றையும் இழுத்துத் தையலைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி என்றால் பயம்தான் போல. பாவம், முதல் தடவை இல்லையா.

உடம்பைப் பார்த்துக்கொள். சாக்ஸின் மற்றொரு கால் இத்துடன்.

தான்பி


உய்சோங்
செப்டம்பர் 10, காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம், என் வலது கை மட்டும் எண்ணெய் தெறித்துக் கொப்புளம். வயிற்றுவலி என்று பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட்டு ஜொன் சுட்டேன். முதல் தட்டு கரி. இரண்டாம் தட்டு கரியின் தம்பி. சித்தி, "அக்கா கையே கைதான்" என்று என் காதுபடப் பாடிக்கொண்டே இருந்தாள். தாத்தா எழுந்து வந்து புகார் செய்யவில்லை. திதி நல்லபடியாக நடந்தது.

அம்மா நேற்று விடியற்காலை பஸ்ஸில் போனாள். நிறுத்தம்வரை நான் பை தூக்கிப் போனேன். ஒரு ராத்திரிக்கு என்ன கனம்! "கல்லையா கட்டிக்கிட்டுப் போற?" என்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். அது துருப்பிடித்த ஜன்னல், திறக்கவில்லை.

சாயங்காலம் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசினாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம். "தான்பி, பூ அலங்காரம் வந்துச்சுடி! வாசல்லயே வச்சிருக்காங்க. எல்லாரும் யாரு இந்த ஓக் யேசுன்னு கேக்கறாங்க!" அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. அப்புறம், "சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "என்ன சாப்ட்ட?" சொன்னேன். "அப்பறம்?" என்றாள். அதற்குள் காசு தீர்ந்து இணைப்பு போய்விட்டது.

இன்னும் மூன்று மணி நேரத்தில் மத்தியான பஸ். இந்தக் கடிதத்தின் கீழே அம்மாவையே நாலு வரி எழுதச் சொல்கிறேன்.

பின்குறிப்பு: மத்தியான பஸ்ஸில் வரவில்லை. சாயங்கால பஸ்ஸிலும் இல்லை. கூட்டமாக இருந்திருக்கும். தபால் பெட்டி திறக்கும் நேரம், போட்டுவிடுகிறேன்.

தான்பி


சொர்வோன் முகாம்
செப்டம்பர் 15

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைக்கு மருந்து போட்டாயா? அப்பா எப்படி இருக்கிறார்? பஸ் நிறுத்தத்தில் போய் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா கனத்த கோட்டை எடுத்துப் போனாளா? சோங்னானின் மாடி அறையில் கணப்பு சரியில்லை. அங்கே இப்போதே குளிர ஆரம்பித்திருக்கும்.

அண்ணன்


உய்சோங்
செப்டம்பர் 19

அண்ணா,

கோட் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் பீரோவைத் திறந்தேன். குளிர்காலச் செருப்பும் இல்லை.

ஒரு ராத்திரிக்குப் போகிறவள் செப்டம்பரில் கனத்த கோட் எதற்கு எடுத்துப் போவாள்? சோங்னான் மாடியில் அறை இருப்பது உனக்கு எப்படித் தெரியும்? அதில் கணப்பு சரியில்லை என்பது எப்படித் தெரியும்?

அப்பா தினமும் மத்தியானம் சங்கத்தில் வேலை இருக்கிறது என்று கிளம்புகிறார். சங்கம் இடது பக்கம். அவர் வலது பக்கம் போகிறார், பஸ் நிறுத்தத்துக்கு. திரும்பி வந்து, "இன்னிக்கும் வண்டி லேட்டு" என்கிறார். நான் சுட்ட கரி ஜொன்னைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறார். அது கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு!

பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிட்டது நான். சொல்லு.

தான்பி


சொர்வோன் முகாம்
செப்டம்பர் 24

தான்பி,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

ஏப்ரலில் அந்த விடுதி அறையில் அம்மா சொல்லிவிட்டாள். கோழியைப் பிய்த்து என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு இன்மோ. தான்பியோட படிப்பு முடியற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கலாம்னுதான் பாத்தேன். முடியல. இந்தக் கண்காட்சிக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்."

அப்புறம், "நான் போயிட்டா தான்பி என்ன பண்ணுவா?" என்று கேட்டாள்.

"அவ சமாளிச்சுக்குவா, அவளுக்கு வாய் இருக்கு" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

உன்னிடம் சொல்ல அவளால் முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் கால் நகராது என்றாள். திதியும் அதே நாளில் விழுந்தது என்று நீ எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அப்பாவுக்கு எழுதாமல் இருந்தால் அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். உன் தந்திரம் தோற்கவேண்டும் என்று வெள்ளத்தில் மண் அள்ளிக்கொண்டே வேண்டினேன். அவள் போகவேண்டும் என்றும் வேண்டினேன். இரண்டையும் எப்படி ஒரே ஆள் வேண்டமுடியும் என்று கேட்காதே.

கண்காட்சி செவ்வாயோடு முடிகிறது. அவள் அங்கே தினமும் இருப்பாள்.

இன்மோ


உய்சோங்
செப்டம்பர் 30

அண்ணா,

நேற்று சியோல் போனேன். பள்ளிக்கு என்று கிளம்பி, சீருடையிலேயே. பூ அலங்காரம் வாசலில் இன்னும் இருந்தது. பூவெல்லாம் கறுத்து, ரிப்பன் மட்டும் மினுமினுவென்று. உள்ளே ஒருத்தி புருஷனின் டைகளையெல்லாம் சேர்த்துத் தைத்துக் கூரையிலிருந்து கயிறாக இறக்கியிருக்கிறாள். இன்னொருத்தி தன் வீட்டு அரிசிப் பானைக்கு முடி வளர்த்துச் சடை போட்டிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் உனக்கு அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருப்பேன்.

அம்மாவின் காகிதங்கள் கடைசி அறையில். பின்னால் விளக்கு. எண்ணெய் இறங்கிய இடமெல்லாம் ஒளி, இறங்காத இடமெல்லாம் இருட்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வருஷம், வேறொன்றும் இல்லை. 1982-இல் எண்ணெய் முழுவதும் ஒரே பக்கமாக ஓடிக் கிடந்தது. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மா யாரோ ஒரு பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். "அப்ப நிறைமாசம். வயிறு இடிச்சு இடிச்சுத் தட்டு சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு." அந்த வயிறு நான்.

"குழந்தைங்க எத்தனை பேர்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரெண்டு. பையன் ராணுவத்துல இருக்கான். பொண்ணு..."

தண்ணீர் எடுத்துக் குடித்தாள். மறுபடி அந்த வாக்கியத்துக்கு வரவில்லை. அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டாள். அதைப் பற்றிப் பேசப் பேச அவள் முகம் மெல்ல மாறியது. கை ஆடியது, குரல் ஏறியது. நம் வீட்டில் அவள் மொத்தமாகப் பேசியதைவிட அங்கே ஐந்து நிமிஷத்தில் அதிகம் பேசினாள்.

நான் ஏன் போனேன் தெரியுமா? அழைத்துவரத்தான். மாலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் என் பையில் இருந்தது. ஒரு அடி உள்ளே வைத்து 'அம்மா' என்றிருந்தால் போதும், வந்திருப்பாள். சத்தியமாக வந்திருப்பாள். கோட்டைக்கூட எடுக்காமல் வந்திருப்பாள்.

அதனால்தான் கூப்பிடவில்லை.

பக்கத்துச் சீட்டில் உட்காரவந்த ஒரு ஆளிடம், "ஆள் வராங்க" என்று சொல்லிவிட்டேன். உய்சோங் வரைக்கும் அது காலியாகவே வந்தது.

அப்பாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தான்பி


உய்சோங்
அக்டோபர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

தான்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ நலமா? முகவரியை அண்ணன் கொடுத்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, உன்மேலும் இல்லை. கோபப்பட நேரம் எங்கே?

அறுவடைத் திருநாள் வெகு ஜோராக நடந்தது. சித்தி உளுத்துப்போன பாட்டையெல்லாம் பாடினாள். நான் சுட்ட ஜொன்னைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. நாற்றத்துக்காக இல்லை, நிஜமாகவே நன்றாக வந்தது. அப்பா இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுகிறார். மாத்திரையைச் சரியாகப் போடுகிறார். மத்தியானங்களில் சங்கத்தில் சதுரங்கம் ஆடுகிறார், அங்கே அவருக்குப் புதிதாகக் கூட்டாளிகள். நான் வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைத்து, போன வாரம் வாசலுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டேன். எல்லாம் பழையபடிதான்.

உன் கண்காட்சிக்கு வரவேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன். வர முடியவில்லை. கடைசி நாளன்று கணக்குப் பரீட்சை. படங்களை வெளிச்சத்தில் மாட்டியிருந்தார்களாமே, அண்ணன் சொன்னான். அழகாக இருந்திருக்கும்.

நான் இதுவரை சியோலைப் பார்த்ததே இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு நாள் வருகிறேன், அப்போது சுற்றிக் காட்டு. அதற்குள் நீ இங்கே வரவேண்டும் என்று அவசரம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
உன் மகள்,
தான்பி